பக்கத்து வீட்டில் ஒரு பை

சென்னியப்பன் எதையும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். சிங்காநல்லூரில் அவருடைய பட்டறையில் தயாராகும் ஒவ்வொரு பம்ப்செட்டும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, ஆறு மணி நேரம் உறுமிக் காட்டிய பிறகுதான் லாரி ஏறும். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மண்டபத்து ஜெனரேட்டரை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதர். ஆகவே ஹான்லே பயணத்துக்கும் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னபோது மரகதத்துக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. அலுப்புத்தான் ஏற்பட்டது.

ஹான்லே, லடாக்கின் கடைக்கோடியில் வானத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒரு சிற்றூர். கல்யாணமான முதல் மாதம், சமையலறைக் காலண்டரில் இருந்த படத்தைக் காட்டி, "ஏனுங்க, இங்க காரிலேயே போக முடியுமா?" என்று மரகதம்தான் கேட்டாள். அன்றைக்கே அவர் ஒரு நோட்டு வாங்கிவந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அது பதினோரு நோட்டாகியிருந்தது. எந்த ஊரில் சார்ஜ் போடுவது, எந்தக் கணவாய் எந்த மாதம் திறக்கும், எந்த ஆற்றங்கரையில் மதியச் சாப்பாடு, எல்லாம் அதில் இருந்தது. கிளம்புவது ஒன்றுதான் நடக்கவில்லை. ஒரு வருஷம் மகளுக்குப் பொதுத்தேர்வு. ஒரு வருஷம் அவர் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. ஒரு வருஷம் எதுவுமே இல்லை. ஆனாலும் "இந்த டயரை மாத்திட்டு அடுத்த வருசம் போலாம்" என்றார்.

அவர்களுக்குள் சண்டை என்று ஒன்று இருந்ததில்லை. பேச்சும்தான் இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் நோட்டைப் படிப்பார், அவள் ரசம் ஊற்றுவாள்.

மரகதத்தின் வேலை நிறம் பொருத்துவது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில், வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறத்தை எந்தச் சாயத்தில் எத்தனை சதவீதம் கலந்தால் கொண்டுவரலாம் என்று சொல்லிவிடுவாள். அவள் கண்ணின் புகழ் எப்படியோ கடல் தாண்டிப் போயிருந்தது. வியட்நாமில், டா நாங் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆலையிலிருந்து கடிதம் வந்திருந்தது. நிற ஆய்வகத்துக்குத் தலைமைப் பொறுப்பு. இரண்டு வருஷம். பதில் சொல்ல ஐந்து வாரம் கெடு.

அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. போவது என்று மனத்துக்குள் பாதிக்கு மேல் முடிவு செய்திருந்தாள். மீதிக்குத்தான் தைரியம் வரவில்லை. அதற்குள் அவர் ஒத்திகைக்காகச் சாமான் பட்டியல் போட ஆரம்பித்து, ஒவ்வோர் அலமாரியாகக் குடைந்துகொண்டிருந்தார். கடிதம் வீட்டில் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

ஒத்திகை நிலையத்துக்குப் போக வேண்டிய நாள் காலை, அவள் ஒரு துணிப்பையில் தன் ஊதா நிற ஸ்வெட்டரை வைத்து, அதற்கடியில் கடிதத்தை வைத்து, பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவிடம் போனாள்.

"அக்கா, பரஸ்தானம் வைக்கோணும். எட்டரைக்குள்ள நல்ல நேரம்."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்தில் ஒரு பையை மட்டும் முன்னால் கிளப்பி வேறு வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். பை கிளம்பிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும், அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மரகதத்தின் அம்மா வீட்டில் பழனிக்குப் போவதானாலும் இதுதான்.

"எப்பக் கண்ணு கிளம்பறீங்க?"

"இன்னும் ஆறு வாரம் ஆகுமுங்க."

"ஆறு வாரத்துக்கா பரஸ்தானம்? மூணு நாள்தான் தாங்கும்." ராஜாமணி அக்கா பையை வாங்கிப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். "உங்கூட்டுக்காரரைப் பார்த்தா, ஆறு வருசத்துக்கு வச்சாலும் வைக்கலாம்."

கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் சிரித்தார். "பையாச்சும் கிளம்புச்சே, விடுங்க அக்கா."

ஒத்திகை நிலையத்தில் அவர்களை வரவேற்ற பெண்ணின் பெயர் ரெஜினா. முப்பது வயதிருக்கும். பேச்சில் ஒரு நர்ஸின் நிதானம்.

"பயப்படாதீங்க மேடம். தலையில இந்தப் பட்டையைக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் தூங்கினாப் போதும். உங்க மனசோட அச்சு ஒண்ணு எடுத்துக்குவோம். சாரோடதும். அந்த ரெண்டு பேரும் ரோட்டுல கிளம்பிருவாங்க."

"எந்த ரோட்டுல?"

"நிஜ ரோட்டோட நகல்ல. அங்க இன்னைக்கு மழைன்னா இதுலயும் மழை. மலை சரிஞ்சிருந்தா இதுலயும் சரிஞ்சிருக்கும். அவங்களுக்கு ஒரு நாள்னா நமக்கும் ஒரு நாள். சார் கொடுத்த பட்டியல்ல இருக்கற சாமான் மட்டும் வண்டில இருக்கும். நீலாம்பூர் பைபாஸ்ல ஆரம்பிச்சிருவாங்க."

"வீட்டுல இருந்து எப்படி வந்தோம்னு கேக்கமாட்டாங்களா?"

"கனவுல அப்படி யாராச்சும் கேட்டிருக்கமா?"

"ஒத்திகைன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. இங்க வந்த நினைப்பு கனவுல மாதிரி அடியில போயிரும். தெரிஞ்சா ஒழுங்கா நடந்துக்குவாங்க. அப்புறம் என்னத்துக்கு ஒத்திகை?"

"தொட்டில இறக்கின பம்புக்கு, அது தொட்டின்னு தெரியுமாக்கும்?" என்றார் சென்னியப்பன் உற்சாகமாக.

மரகதம் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "எங்களைப் பத்தி அவங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?"

"எல்லாமே மேடம். இந்த நாற்காலில உட்கார்ற நிமிசம் வரைக்கும் உங்க மனசுல என்ன இருக்கோ அத்தனையும்."

மரகதம் பட்டையை மடியில் இறக்கி வைத்தாள். கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மனத்தை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

"அவங்க பேசிக்கிறது?"

"வெளிய வராது. சட்டமே அப்படி. சார் எழுதற பயண நோட்டு இருக்கில்லீங்களா, அந்தப் பக்கம் மட்டும் தினம் காலையில உங்க போனுக்கு வரும். எத்தனை கிலோமீட்டர், எங்க நின்னாங்க, என்ன எடுத்துட்டு வர மறந்தாங்க. அவ்வளவுதான்."

"பயணம் முடிஞ்சதும் அவங்க ரெண்டு பேரும்?"

ரெஜினா பட்டையின் கொக்கியைச் சரிசெய்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வீடு திரும்பினா முடிஞ்சிரும் மேடம்."

மறுநாளிலிருந்து காலைக் காபியோடு அந்தப் பக்கம் வந்தது. கோடு போட்ட நோட்டு, சென்னியப்பனின் சாய்ந்த கையெழுத்து. முதல் நாள் இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். குறிப்பு: இடது பின் டயர் காற்று குறைவு. விடுபட்டவை: நகவெட்டி. சென்னியப்பன் உடனே நகவெட்டியை எடுத்துப் பெட்டியில் போட்டார். ஒத்திகையின் பயன் அவருக்குக் கண்கூடாகத் தெரிந்துவிட்டது.

நாகபுரி வரைக்கும் பக்கங்கள் அப்படியேதான் இருந்தன. அதற்கப்புறம் ஒரு காலையில், குறிப்பு என்ற இடத்தில் வேறு கையெழுத்து ஒன்று நுழைந்தது. 'பருத்திக் காட்டு மண். கறுப்பு இல்லை. கறுப்பில் அரைச் சதவீதம் சிவப்பு.'

"இது உன் எழுத்தாச்சே," என்றார் சென்னியப்பன்.

மரகதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மண்ணை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று ஆய்வகத்தில் வேலை ஓடவில்லை. கண்ணை மூடினால் ஒரு நீண்ட ரோடும், அதன் இரு பக்கமும் அந்த மண்ணும் வந்தன.

பிறகு குறிப்புகள் தினமும் வந்தன. 'சண்டிகர் தாண்டி முதல் மலை. பச்சை, ஆனால் தூரத்தில் அது நீலத்துக்கு ஒப்புக்கொள்கிறது.' 'சட்லெஜ் ஆறு. பாலில் ஒரு துளி துத்தம்.' சென்னியப்பன் வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டு, "துத்தம்னா மயில் நிறமா?" என்று கேட்பார். அவள் விளக்குவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளுடைய வேலையைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டதில்லை. காபி ஆறிப்போகும். இருவரும் தங்களைப் பற்றியே யாரோ சொல்லும் கதையைக் கேட்கும் குழந்தைகளைப் போல அந்தச் சிறு திரையின் மேல் குனிந்திருப்பார்கள்.

ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் மரகதம் கடைசி வரியிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். அங்கே காரில் இருக்கிறவளுக்கும் கடிதம் தெரியும். எங்கே சொல்லப்போகிறாளோ, என்றைக்குச் சொல்லப்போகிறாளோ?

பதினான்காம் நாள் பக்கத்தில் வண்ணக்குறிப்பு இல்லை.

'கல்பாவுக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் நின்றோம். மூன்று மணி பத்து நிமிடம். குளிர். விடுபட்டவை: ஒரு பை. பக்கத்து வீட்டில் இருக்கிறது.'

"மூணு மணி நேரமா? அந்த மலை ரோட்டுல ஒரு டீக்கடைகூடக் கிடையாதே," என்று சென்னியப்பன் தன் நோட்டைப் புரட்டினார். "பக்கத்து வீட்டுல என்ன பை?"

"என்ற ஸ்வெட்டர். பரஸ்தானப் பை."

"அட, ஆமா. பட்டியல்ல சேர்க்க விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துரட்டுமா?"

"இருக்கட்டுங்க. கிளம்பறப்பத்தான் எடுக்கோணும்," என்றாள் மரகதம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே சொல்லியாகிவிட்டது. மூன்று மணி பத்து நிமிடம். மலையோரம், குளிரில், ஸ்வெட்டர் இல்லாமல். அவர் அவளை அங்கே என்னவெல்லாம் கேட்டிருப்பார்? கத்தியிருப்பாரா? அவர் கத்தி அவள் பார்த்ததேயில்லை.

அடுத்த நாள் பக்கத்தை அவள் திறக்கவில்லை. அவர்தான் திறந்தார். காது மடல் சிவந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல." போனைத் தள்ளி வைத்தார்.

அவள் எடுத்துப் படித்தாள். 'போர்வை இரண்டு வேண்டாம். ஒன்று போதும்.'

"குளிரா இருக்குமாட்ட இருக்குது," என்றார் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"குளிருன்னா ரெண்டுல்ல வேணும்?" என்றாள் மரகதம்.

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் பட்டறைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனார். போகிறவர் வாசலில் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

பதினாறாம் நாள்: 'ஓட்டியவர் மரகதம். 62 கிலோமீட்டர்.'

இதை அவள் மூன்று முறை படித்தாள். கல்யாணமான புதிதில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்தாள். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தரவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. கல்பாவிலிருந்து நாக்கோ என்ற மலையூருக்குப் போகும் அந்த ரோட்டில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அதில் அறுபத்திரண்டு கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் அவர், வாயை மூடிக்கொண்டு. கனவு காண்பதற்குக்கூட இவ்வளவு நாள் தனக்குத் தோன்றாத கனவு அது என்று மரகதம் நினைத்தாள். அவளுக்கு அந்த இன்னொருத்தியின் மேல் பொறாமையாக இருந்தது.

இருபத்தோராம் நாள் அவர்கள் ஹான்லேயை அடைந்தார்கள். குறிப்பில் ஒரே வரி. 'இதற்கு என்னிடம் சாயம் இல்லை.'

இருபத்தாறாம் நாள் ரெஜினா கூப்பிட்டாள். "சார், மேடம், ரெண்டு பேரும் ஒரு தடவை வந்துட்டுப் போறீங்களா?"

போனபோது அவள் மேஜையில் அவர்களுடைய பக்கங்கள் வரிசையாக இருந்தன.

"திட்டப்படி இருபத்திரண்டாம் நாள் அவங்க வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கோணும். திரும்பலை. சுத்திட்டே இருக்காங்க. ஏரி ஏரியா, பேரில்லாத சமவெளியா."

"வண்டில கோளாறா?" என்றார் சென்னியப்பன் பதறி.

"வண்டியைத்தான் சொல்ல வந்தேன் சார். பதினஞ்சாம் நாளுக்கு அப்புறம் அவங்க சார்ஜே போடலை. ஆனாலும் வண்டி ஓடுது. ஒத்திகைன்னு தெரியாத வரைக்கும் அங்க சார்ஜ், தூரம்னு எல்லாச் சட்டமும் இருக்கும். இது கனவுன்னு தெரிஞ்சிட்டா, சட்டம் இளகிரும்." ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு சார். வீடு திரும்பினா முடிஞ்சிரும்னும் தெரிஞ்சிருச்சு போல. நானூறு ஒத்திகையில இது மாதிரி ஒண்ணு நடந்ததில்லை. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னுதான் புரியலை."

மரகதத்துக்குப் புரிந்தது.

"பை," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பரஸ்தானம் வச்ச பையை எடுக்காம நான் வாசப்படி இறங்கமாட்டேன். எங்கம்மா பழக்கினது. குளிருக்கு ஸ்வெட்டரைத் தேடியிருக்கேன். தேடியிருக்கா. பை வண்டில இல்லை. பை ராஜாமணி அக்கா வீட்டுல இருக்குதுன்னா, நாங்க இன்னும் கிளம்பவேயில்லைன்னுதானே அர்த்தம்? கிளம்பாதவங்க கல்பாவுல எப்படி இருக்க முடியும்?"

ரெஜினா பதினான்காம் நாள் பக்கத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தாள்.

"இதை எந்த இன்ஜினியரும் யோசிச்சிருக்கமாட்டான்," என்றாள் ரெஜினா.

"இப்ப என்ன செய்யோணும்?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"உங்க ரெண்டு பேர் கைரேகை வச்சா முடிச்சிருவோம். இல்லைன்னா, நிஜமா நீங்க அந்த ரோட்டுல கிளம்பற அன்னைக்கு அது தானா முடிஞ்சிரும். நிஜ வண்டி நீலாம்பூர் தாண்டினா, நகல் வண்டிக்கு ரோடு இல்லை."

"நாங்க கிளம்பவே இல்லைன்னா?"

"அவங்க ஓடிட்டே இருப்பாங்க."

மரகதம் மெதுவாகக் கேட்டாள். "அவங்க எப்படி இருக்காங்க?"

ரெஜினா பேனாவை மூடி வைத்தாள். "நானூறு பேருக்கு முடிச்சு வச்சிருக்கேன் மேடம். எத்தனை கிலோமீட்டர்னு கேப்பாங்க, எங்க சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்லை." பக்கங்களை ஒன்றாக அடுக்கினாள். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் நிலுவைன்னு எழுதி வச்சுக்கறேன்."

திரும்பும் வழியில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் மரகதம். மாலை வெயில் தண்ணீரில் கிடந்தது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்றிருந்தன. கெடு முடிய நாலு நாள் இருந்தது.

"அந்தப் பையில ஸ்வெட்டர் மட்டும் இல்லீங்க," என்றாள்.

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாகத் தொண்டையில் இருந்தது ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, குளத்தைப் பார்த்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தது.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார் அவர்.

"போகோணும்னுதான் இருந்தேன். உங்க மேல கோவத்துல இல்லீங்க. நம்ம வீட்டுல அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லிச் சொல்லி, எனக்கு இந்த வருசம்னு ஒண்ணு இல்லாமயே போயிருச்சு."

சென்னியப்பன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வண்டி ஓடாமலேயே.

"நீ எங்கிட்ட கேட்டது ஒரே ஒரு இடம், மரகதம். இத்தனை வருசத்துல வேற எதுவும் நீ கேட்டதில்லை. அதுல ஒரு குறை வந்துரக் கூடாதுன்னு பயம். கிளம்பிப் போய், வழியில எங்கயாச்சும் நின்னு, 'இவ்வளவுதானா'ன்னு நீ ஒரு பார்வை பார்த்துட்டா? அந்தப் பயத்துலதான் நோட்டு மேல நோட்டாப் போட்டுட்டு இருந்தேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு நோட்டுகளையும் அவள் அவருடைய பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அவ அங்க அவங்கிட்ட சொல்லிட்டா, இல்ல?" என்றார் சென்னியப்பன்.

"ஆமா. கல்பா ரோட்டுல."

"மூணு மணி பத்து நிமிசம்." தலையை ஆட்டிக்கொண்டார். "கேட்டுட்டு அவன் என்ன சொன்னான்னுதான் தெரியலை. அது தெரிஞ்சாத் தேவலை."

"எவன்?"

"அவன்தான். நான்."

மரகதத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அவன் என்னமோ சரியாத்தான் சொல்லியிருக்கான். மறுநாள் ஒரு போர்வை போதும்னு எழுதியிருக்கான். அதுக்கு மறுநாள் அவ கையில வண்டியைக் கொடுத்திருக்கான். நீங்க என்ன சொல்வீங்க?"

"எனக்கும் மூணு மணி நேரம் வேணுமாட்ட இருக்குது," என்றார் அவர்.

அவள் காத்திருந்தாள். வெயில் தண்ணீரிலிருந்து எழுந்து போனது. நிறம் மாறிக்கொண்டே இருந்தது. செம்பு, பிறகு செம்பில் கொஞ்சம் சாம்பல். ஒரு நாரை பறந்து போய் இன்னொரு இடத்தில் நின்றது.

"வியட்நாமுக்கு ரோடு இருக்குது, தெரியுமா?" என்றார் சென்னியப்பன்.

"என்னது?"

"மணிப்பூர் வரைக்கும் போய், அங்க எல்லை தாண்டினா மியான்மர். அப்புறம் தாய்லாந்து, லாவோஸ். மேக்காங் ஆத்தைத் தாண்டி மலை ஏறி இறங்கினா உன்ற ஊர். காரிலயே போய்ச் சேரலாம். எல்லையெல்லாம் இப்பத் திறந்திருக்குது." சொல்லச் சொல்ல அவர் விரல் ஸ்டியரிங்கின் மேல் அந்த ரோட்டை வரைந்தது. "நான் கொண்டுபோய் விடறேன். பட்டறையை மேஸ்திரி பார்த்துக்குவார். அங்க விட்டுட்டுத் திரும்பறதா, அங்கயும் தொட்டி கட்டிப் பம்பு ஓட்டிப் பார்க்கறதா, அதை வழியில பேசிக்கலாம்."

"அப்ப ஹான்லே?"

"அது அவங்களுது. நாம அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நீலாம்பூரைத் தாண்டாம, திருச்சி ரோட்டுல போயிருவோம்." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கு வருத்தமா இருக்குமா?"

இருந்தது. இருபத்திரண்டு வருஷக் காலண்டர்ப் படம் ஒரு நொடி கண்ணுக்குள் வந்து நின்றது. இனி அதை நேரில் பார்க்க முடியாது. சாயம் இல்லை என்று அவள் எழுதிய நிறம் என்னவென்று இந்த மரகதத்துக்கு ஒருபோதும் தெரியாது.

"அவ பார்த்துட்டா," என்றாள். "அது போதும். இந்த ரோட்டுக்கு நோட்டு?"

"இல்லை."

"ஒத்திகை?"

"வேண்டாம்," என்றார் சென்னியப்பன். முகம், முதல் தடவை தொட்டியில் தள்ளிவிடப்பட்ட பம்ப்செட்டின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மறுநாளே மரகதம் வருகிறேன் என்று டா நாங்குக்கு எழுதிவிட்டாள். விசாக்கள் வந்து சேர மூன்று வாரம் ஆனது. கிளம்பிய காலையில் ராஜாமணி அக்கா பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மூணு நாள் பரஸ்தானம் ஏழு வாரம் தாங்கிருச்சு கண்ணு. என்ன வச்சிருந்தே இதுல?"

"ஸ்வெட்டருங்க அக்கா."

"இந்த வெயிலுக்கா!"

சென்னியப்பன் நான்கு எலுமிச்சம்பழங்களை நான்கு சக்கரத்துக்கு அடியிலும் வைத்தார். வைத்துவிட்டு இடது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மரகதம் ஒரு கணம் வெளியே நின்றாள். பிறகு சுற்றி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

தானாகவே ஓடக்கூடிய வண்டி அது. பட்டனை அழுத்தியதும் கண்டிப்பான பெண்குரலில், "சக்கரங்களின் முன் பொருள்கள் உள்ளன. நகர இயலாது," என்றது.

"இதுக்கு வேற ஒரு ஒத்திகை வேணுமாட்ட இருக்குது," என்றாள் மரகதம்.

"அதை அணைச்சிரு. நீயே ஓட்டு."

அவள் அணைத்தாள். வண்டி எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறி இறங்கியது. பின்னால் எடுக்கும்போது கேட்டின் ஓரத்தில் லேசாக ஒரு சத்தம் கேட்டது. சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்லையே."

திருச்சி ரோட்டில் திரும்பினார்கள். சூலூர் போனது, பல்லடம் போனது. காற்றாலைகள் தூக்கத்தில் கை வீசுகிறவர்களைப் போலச் சுழன்றன. காங்கேயத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடி டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள். நிறுத்துவதாகத் திட்டம் எதுவும் இல்லை. அந்த இடத்து நிழலின் நிறம் பிடித்திருந்தது.

டீ வருவதற்குள் போன் சிணுங்கியது. அந்தக் காலையின் பக்கம். கோடு போட்ட அதே நோட்டு. இன்று இரண்டு கையெழுத்தும் கலந்திருந்தன.

"நாம கிளம்பிட்டோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

மரகதம் படித்துக் காட்டினாள்.

'நாற்பத்தேழாம் நாள். இடம்: பெயர் தெரியவில்லை. கிலோமீட்டர்: பார்க்கவில்லை. ஓட்டியவர்: இருவரும். ஏரி, காலையில் ஊதா. அந்த ஸ்வெட்டரின் ஊதா.

விடுபட்டவை: ஒன்றுமில்லை.'